கைக்குப் பிடிபடாத சுத்தியல்

இந்த மாதம் செய்தது மூன்று பொருள். உருப்படியாக வந்தது ஒன்று. மூன்றுமே கைக்கருவி போலத் தெரியும், எந்த வேலைக்கும் ஆகாது. இந்தப் பைத்தியம் பிடித்தது மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் 1921இல் செய்த இஸ்திரிப் பெட்டியின் படத்தைப் பார்த்து. அடித்தட்டில் ஒரு வரிசை ஆணி, அவ்வளவுதான். துணியில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவுடனே வயிற்றில் ஒரு கூச்சம் வரும்.

முதலில் மண்வெட்டி. அதன் காம்பு பாதியில் வளைந்து, வெட்டுகிறவனையே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பூவரசம் பலகையில் வளைவை வரைந்து அறுத்தேன். வளைவின் நடுவில் மரத்தின் இழை குறுக்காக வந்துவிட்டது. உப்புத்தாள் போடும்போதே மடக்கென்று முறிந்தது. பசை வைத்து ஒட்டினேன். ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி மறுபடியும் முறிந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "வளைவு வேணும்னா வளைஞ்ச கொம்பாப் பார்த்து எடுக்கணும் தம்பி, கலப்பைக்கு அப்படித்தான தேடுவோம்" என்றார். தானாக வளைந்து வளர்ந்த கிளையில் இழையும் வளைவோடு சேர்ந்தே ஓடும். சரி என்று ஒரு கருவேலங்கிளை தேடிப் பிடித்து நிழலில் போட்டிருக்கிறேன். வெட்டிய முனை முந்திக் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் மெழுகு பூசியாயிற்று.

இரண்டாவது, பஞ்சு அடைத்த சாக்குத்துணி அரிவாள். பொம்மை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது சுத்தியல். சுத்தியல் பிடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவம். அடிக்கும் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் பார்க்காமலே உள்ளங்கை தெரிந்துகொள்வது அதனால்தான். ஸ்குரூ டிரைவர் கைக்குள் திரும்ப வேண்டியது. அதன் பிடி உருண்டை, வழுக்காமல் இருக்க நீளவாக்கில் வரிப்பள்ளம். இருபது வருஷமாக இரண்டையும் பிடிக்கிறேன், இது உறைத்ததில்லை. அப்போது பிடியை மாற்றிப் போட்டால்?

அரைக் கிலோ தலைக்கு, வரிப்பள்ளம் வைத்த உருண்டைப் பிடி செதுக்கினேன். தலையின் துளை நீள்வட்டம், அதனால் நுனியை மட்டும் அதற்கேற்ப இழைத்துச் செருகி ஆப்பு அடித்தேன். பள்ளங்களை ஒரே அகலத்தில் கொண்டுவரத்தான் மூன்று ஞாயிறு போயிற்று. அப்புறம் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு.

வீட்டுக்கு வந்த மாமா சும்மா எடுத்து ஓங்கிப் பார்த்தார். பிடி கைக்குள் உருண்டு, சுத்தியல் தலை புரண்டது. நிறுத்தி, குனிந்து, முகம் எங்கே என்று பார்த்தார். "என்னடா இது, நிக்க மாட்டேங்குது?" எனக்கு வேண்டியதே அந்தக் குனிதல்தான்.

ஆயுத பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன் நின்று, "இதுக்கும் வைக்கணுமா?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது ஸ்குரூ டிரைவருக்கு முட்டைப் பிடி. கருவேலம் காய இன்னும் சில மாதம் ஆகும்.