இருபது கிராம் குருவியும் சுவரில்லாத கிருமியும்

அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்குத் தீனி தின்ன வரும் ஹவுஸ் ஃபின்ச் சுமார் 20 கிராம் எடை இருக்கும். ஆணுக்குத் தலையும் மார்பும் சிவப்பு, பாட்டு நீளம். அதன் கண்ணை வீங்கவைப்பது மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்ற பாக்டீரியா. பறவையின் மரபணுத்தொகுதி 100 கோடி எழுத்துக்கு மேல், கிருமியுடையது ஏறக்குறைய 10 லட்சம்தான். ஆனால் இந்தப் போட்டியில் அளவைவிட வேகம்தான் பேசும். பறவையின் ஒரு தலைமுறைக்கு ஒரு வருடம். கிருமிக்குச் சில மணி நேரம்.

நாமக்கல் பண்ணைக்காரர்கள் கோழிக்கு 'சி.ஆர்.டி.' என்று சொல்லும் மூச்சுக்கோளாறுக்கும் இதே கிருமிதான் காரணம். கண் வீங்கிய ஃபின்ச்சுகள் 1994 தொடக்கத்தில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் தென்பட்டன. கிழக்குக் கரைக்கு அந்தப் பறவையே வந்தேறி: 1940 வாக்கில் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் கூண்டுப்பறவை வியாபாரிகள் திறந்துவிட்டவற்றின் வாரிசு.

நோய் வந்து தேறிய பறவைக்கு அரைகுறை எதிர்ப்புதான் கிடைக்கும். சாதுவான வகைக் கிருமியை அது தடுத்துவிடும். முரட்டு வகை நுழைந்து பெருகும். அதனால்தான் கிருமி வருடத்துக்கு வருடம் மூர்க்கமானது. பறவையும் சும்மா இல்லை. நோயோடு பல வருடம் பழகிய அலபாமா பறவைகள், அப்போது நோயே பார்த்திராத அரிசோனா பறவைகளைவிடச் சோதனையில் நன்றாகத் தாங்கின.

இமை சிவந்து, நீர் வடிந்து, பொருக்குத் தட்டினால் இந்தக் கண்நோயைச் சந்தேகிக்கலாம். இறகில்லாத தோலில் மரு போலக் கட்டி இருந்தால் பெரும்பாலும் பறவை அம்மை. பென்சிலின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்யும் மருந்து. இந்தக் கிருமிக்குச் சுவரே இல்லாததால் பலிக்காது. டைலோசின் என்ற ஆன்டிபயாடிக்குக் கேட்கும். ஆனால் அதைத் தோட்டத்துத் தண்ணீரில் கலந்து வைப்பது மடத்தனம். எந்தப் பறவை எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? கண் தெளிந்த பறவை கிருமியைச் சுமந்துகொண்டே திரியலாம்.

செய்ய வேண்டியது தோட்டத்தில் தொங்கவிடும் தீனிக்குழாயில்தான். துளைக்குள் தலைவிடும்போது கண் விளிம்பில் உரசும். அடுத்த பறவை அதே இடத்தில் உரசும். நோய்ப்பறவை தென்பட்டால் குழாயை இரண்டு வாரமாவது இறக்கிவிடுங்கள். மிச்சத் தானியத்தைக் கொட்டிவிட்டு, முதலில் சோப்பு போட்டுத் தேயுங்கள். எச்சமும் அழுக்கும் இருந்தால் பிளீச் வீரியம் இழக்கும். பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறல், நன்றாக அலசல், முழுக்கக் காய்தல். வீரியம் கூட்டுகிறேன் என்று வினிகர் சேர்த்தால் குளோரின் வாயுதான் கிளம்பும்.