தோட்டம் போனது, வாலை நின்றது: டெமராரா ரம்

கயானாவில், டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது டயமண்ட் வடிசாலை. ஒரு காலத்தில் அந்தக் கரையோரத்தில் கரும்புத் தோட்டம் இருந்த இடமெல்லாம் வாலையும், அதாவது ரம் வடிக்கும் கலமும், இருந்தது. ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு அது. 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் வெட்டினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு. டெமராரா ரம்மைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது சில வாலைகளை மட்டும் கழற்றி வேறிடத்தில் பூட்டினார்கள். போர்ட் மொரண்ட், வெர்செய்ல்ஸ், என்மோர் என்ற மூன்று தோட்டங்களின் வாலைகளும் இப்படித்தான் கடைசியில் டயமண்டுக்கு வந்து சேர்ந்தன.

மூன்றும் மரத்தால் ஆனவை. க்ரீன்ஹார்ட் என்ற கயானா மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும், எளிதில் உளுக்காது. பலகைகளைப் பீப்பாய் போல நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியதுதான் போர்ட் மொரண்ட் வாலையின் தொட்டி. அடியில் தீ மூட்ட முடியாது என்பதால் நீராவியால் சூடேற்றுகிறார்கள். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த ஊறல் இரண்டு தொட்டிகளிலும் இருக்கும். முதல் தொட்டியின் ஆவி செம்புக் கழுத்து வழியாக இரண்டாவதில் இறங்கி, அங்குள்ள ஊறலையும் கொதிக்கவைத்து, இன்னும் வீரியமாக மேலேறும். செம்பு கந்தக வாடையை இழுத்துக்கொள்ளும். இங்கே தொட்டி மரம், செம்பு கொஞ்சம்தான். அதனால் சரக்கு கனமாக, காரமான மணத்தோடு இறங்குகிறது. 1970 ஜூலை 31 வரை பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினப்படி அளந்து கொடுத்த கலவையில் டெமராரா சரக்குக்குப் பெரிய பங்கு இருந்தது.

என்மோர் வாலை வேறு வகை. 1880-இல் செய்த காஃபி வாலை அது (காஃபி என்பது இவ்வகையை உருவாக்கியவரின் பெயர், குடிக்கும் காபி அல்ல): சதுர மரச்சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே துளையிட்ட செம்புத் தட்டுகளைச் செருகிய கோபுரம்.

மர வாலையைச் சும்மா போட்டுவைத்தால் கெட்டுவிடும். காய்ந்தால் பலகை சுருங்கும், மூட்டு விலகும், அடுத்த முறை நீராவி விடும்போது பிளவு வழியே ஆவி சீறும். இற்றுப்போன பலகையை மட்டும் எடுத்துவிட்டு அதே க்ரீன்ஹார்ட்டில் புதிது இழைத்துப் பொருத்துகிறார்கள். ஆகவே போர்ட் மொரண்ட் பெயரோடு வரும் 1732 தோட்டம் தொடங்கிய ஆண்டு. அதை இன்றைய பலகைகளின் வயதாக எண்ண வேண்டாம்.