‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்வதற்கு

மின்னஞ்சல் சர்வர்களை நிர்வகிக்கும் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், காப்பகம் என்பதையும் பேக்கப் என்பதையும் நான் ஒரே பொருளில்தான் புரிந்துவைத்திருந்தேன். ஒவ்வோர் இரவும் சர்வரின் நகல் காந்த நாடாவில் பதிவாகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்றே தோன்றியது. ஒரு நாள் சட்டப் பிரிவிலிருந்து கோரிக்கை ஒன்று வந்தது. பொருள் வழங்கும் ஒரு நிறுவனம், விநியோகத் தேதியைத் தள்ளிவைக்க எங்கள் தரப்பு மின்னஞ்சல் மூலம் ஒப்புக்கொண்டதாகக் கூறியிருந்தது. அப்படி ஓர் அஞ்சல் அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் யார் யாருக்குப் போனது என்பதே கேள்வி. அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திய கொள்முதல் மேலாளர் பணியிலிருந்து விலகி ஓராண்டுக்கு மேலாகியிருந்ததால், வழக்கப்படி அவருடைய அஞ்சல்பெட்டியும் நீக்கப்பட்டிருந்தது.

பேக்கப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் உழைத்தேன். தினசரி நாடாக்கள் சுழற்சியில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு, மாதக் கடைசி நாடாக்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து அந்த அஞ்சல்பெட்டியை மீட்டேன். தேடிய அஞ்சல் அதில் இல்லை. அந்த ‘இல்லை’க்கு என்ன பொருள் என்று சட்டப் பிரிவில் கேட்டபோதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது. அஞ்சல் எழுதப்படாமலே இருந்திருக்கலாம். அல்லது மாதத் தொடக்கத்தில் அனுப்பப்பட்டு, மாதம் முடிவதற்குள் அழிக்கப்பட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை.

பேக்கப் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அஞ்சல்பெட்டி எப்படி இருந்தது என்பதன் படம். சர்வர் பழுதானால் அந்த நிலைக்குத் திரும்புவதற்காகவே அது எடுக்கப்படுகிறது. இரண்டு படங்களுக்கு இடையே வந்து மறைந்தது எதுவும் அதில் விழாது. காப்பகம் இயங்கும் இடமே வேறு. அஞ்சல் சர்வரைக் கடக்கும்போதே, அனுப்புநரின் கையும் பெறுநரின் கையும் அதில் படுவதற்கு முன்பே, ஜர்னலிங் என்ற முறையில் ஒரு பிரதி தனியாக எடுக்கப்பட்டுக் காப்பகத்துக்குப் போய்விடுகிறது. அதன்பின் பயனர் தம் அஞ்சல்பெட்டியில் எதை அழித்தாலும், அவர் பணியிலிருந்தே விலகினாலும், அந்தப் பிரதிக்கு ஒன்றும் ஆவதில்லை.

கேள்வியின் இரண்டாம் பகுதியான ‘யார் யாருக்கு’ என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மின்னஞ்சலுக்கு, தபாலைப் போலவே, உறை ஒன்றும் உள்ளே கடிதம் ஒன்றும் உண்டு. நாம் திரையில் காணும் பெறுநர் வரிசை கடிதத்தின் தலைப்பில் எழுதப்பட்டது. சர்வர்கள் விநியோகத்துக்குப் பயன்படுத்தும் முகவரிகளோ உறையில் இருப்பவை. மறைநகல் (பி.சி.சி.) பெறுபவரின் முகவரி உறையில் இருக்கும், மற்றவர்களுக்குப் போகும் தலைப்பில் இருக்காது. குழு முகவரிக்கு அனுப்பிய அஞ்சலில் குழுவின் பெயர் மட்டுமே தெரியும்; அன்று அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் என்பது, ஆட்கள் மாறிய பிறகு, எங்கும் எஞ்சுவதில்லை. உறையையும் சேர்த்துப் பதியும் ஜர்னலிங் இவை இரண்டையும் பிடித்துவைக்கிறது. அஞ்சல்பெட்டிகளைப் பின்னர் போய்ப் படியெடுக்கும் எந்தக் கருவியாலும் இதைச் செய்ய முடியாது.

எங்கள் நிறுவனத்தில் காப்பகம் அமைக்க ஒப்புதல் கிடைத்தபோது, நிர்வாகத்தை அசைத்தது சேமிப்பிடச் சிக்கனம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணைப்புக் கோப்புகள் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் பயணிப்பதால், 3 பைட் 4 எழுத்தாகி, 9 எம்.பி. கோப்பு ஏறத்தாழ 12 எம்.பி.யாக வீங்குகிறது. அதே கோப்பு நாற்பது பேருக்குப் போனால் நாற்பது அஞ்சல்பெட்டிகளிலும் இடம் பிடிக்கிறது. ஒரே செய்தியை ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் முன்பு இருந்தது; 2010 பதிப்பில் அது கைவிடப்பட்டது. காப்பகம் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, ஏற்கெனவே இருப்பதை மறுபடி சேமிக்காமல் அதைக் காட்டும் சுட்டியை மட்டும் வைத்துக்கொள்ளும்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. விற்பனை விளக்கங்களில் இதைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. இணைப்பைப் பிரித்து, குறியாக்கத்தை நீக்கிச் சேமித்தால், அஞ்சலைத் திரும்பக் கேட்கும்போது பழைய வடிவம் பைட் பிசகாமல் வர வேண்டும். பேஸ்64 வரி 76 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதே விதி என்பதால், அதைவிடக் குறைந்த நீளத்தில் ஒரு மென்பொருள் வரியை மடித்தாலும் அது தவறில்லை. காப்பகம் அந்த மடிப்பைக் குறித்துவைக்காமல் தன் வழக்கப்படி மீண்டும் கட்டினால், படிப்பவர் கண்ணுக்கு அஞ்சல் மாறாது, அது வழியில் மாறவில்லை எனக் காட்டும் டி.கே.ஐ.எம். என்ற மின்கையொப்பம் மட்டும் முறிந்துவிடும். அனுப்பிய டொமைன் இட்ட கையொப்பம் செல்லாது என்றாகிவிட்டால், உண்மையான அஞ்சலையே எதிர்த்தரப்பு சந்தேகத்துக்குள்ளாக்க முடியும். எம்பாக்ஸ் என்ற பழைய கோப்பு வடிவத்திலும் இதே ஆபத்து உண்டு. ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரிகளின் முன்னால் அது ஒரு குறியைச் சேர்த்துவிடுகிறது. எனவே, வந்த வடிவத்தை அப்படியே தரும் காப்பகத்தைத்தான் ஏற்பேன் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோல் சில ஆண்டுகளில் டி.என்.எஸ். என்ற இணைய முகவரி ஏட்டின் பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிடலாம் என்பதால், அஞ்சல் வந்த அன்றே சரிபார்ப்பின் முடிவையும் கூடவே பதியச் செய்தோம்.

பயனர்கள் தம் கணினிகளில் சேர்த்துவைத்திருந்த பி.எஸ்.டி. என்ற அவுட்லுக் அஞ்சல் கோப்புகளை உள்ளே கொண்டுவருவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்தக் கோப்பின் பழைய வடிவம் 2 ஜி.பி. எல்லையை நெருங்கும்போது சிதையக்கூடியது. சிதைந்தவற்றில் சிலவற்றை மீட்கவே முடியவில்லை. மீட்டவற்றையும் ‘பயனரிடமிருந்து பெறப்பட்டது’ என்று தனியே குறித்துவைத்தோம், ஏனெனில் அவை வழியிலேயே பிடிக்கப்பட்ட பிரதிகள் அல்ல.

தேடலைப் பொறுத்தவரை, சொல் அட்டவணை முன்கூட்டியே தயாராக இருப்பதால் பல இலட்சம் அஞ்சல்களிலும் விடை சில நொடிகளில் வந்துவிடும். அந்த வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, எவை அட்டவணைக்குள் வரவில்லை என்ற பட்டியல். கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பு, ஸ்கேன் செய்த தாள், மறைகுறியாக்கிய அஞ்சல் ஆகியவற்றின் உள்ளே இருப்பதைத் தேடல் பார்ப்பதில்லை. இந்தப் பட்டியலைத் தராத காப்பகம், தேடல் முடிவு வெறுமையாக வரும்போது, என் பழைய நாடாவைப் போன்றதுதான்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருப்பதும் சரியன்று. அஞ்சல்களில் மனிதர்களின் சொந்த வாழ்க்கையும் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவு, சில விதிவிலக்குகளுடன், தம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. காலவரம்பு முடிந்ததும் தானாக அழிவதும், வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த அழிவு நிறுத்திவைக்கப்படுவதும், இரண்டும் பதிவேட்டில் ஏறுவதும் காப்பகத்தின் வேலையே. அப்போது ஓர் அஞ்சல் இல்லையென்றால், எந்த விதிப்படி எந்த நாளில் அது நீங்கியது என்று காட்ட முடியும்.

இத்தனைக்கும் அடிப்படையாக ஒரு தினசரி வேலையைச் சேர்த்துக்கொண்டோம். சர்வரின் கடத்தல் பதிவேட்டில் உள்ள செய்தி அடையாள எண்களையும் காப்பகத்தில் ஏறியவற்றையும் ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டோம். ஜர்னல் பிரதிகள் வரிசையில் தேங்கிவிட்டாலோ திரும்பிவந்துவிட்டாலோ பயனர் எவருக்கும் தெரியாது, அஞ்சல் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்தக் குறை தெரியவரும்.

சில ஆண்டுகள் கழித்துச் சட்டப் பிரிவிலிருந்து ஏறக்குறைய அதே போன்ற கேள்வி மறுபடி வந்தது. குறிப்பிட்ட மூன்று வாரங்களுக்குள் ஒருவர் ஒரு விலைத் திருத்தத்தை ஏற்று அஞ்சல் அனுப்பினாரா? தேடல் வெறுமையாக வந்தது. அந்த மூன்று வாரங்களின் ஒப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தேன், எண்கள் பொருந்தியிருந்தன. அழிப்புப் பதிவேட்டில் அந்தக் காலத்துக்குரிய பதிவு எதுவும் இல்லை. அட்டவணைக்குள் வராத நான்கு இணைப்புகளை உரியவர்களின் அனுமதியுடன் திறந்து கையால் படித்தேன். பிறகு, எங்கள் சர்வர் வழியாக அப்படி ஓர் அஞ்சல் செல்லவில்லை என்று எழுதி, அந்த நான்கு இணைப்புகளின் விவரத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.