தடித்த எழுத்தில் ஒரு எண்

போன மாதம் பள்ளி ஆசிரியை ஒருவர் கணவரோடு வந்தார். வயது 38. மடியில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஃபைல். பதினெட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார். சிஏ 125 என்ற, சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தச் சோதனை: தடித்த எழுத்தில் 62. பக்கத்தில், 35 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது.

"சினைப்பைல கேன்சர்தானே மேடம்? மறைக்காம சொல்லிடுங்க. பொண்ணு எட்டாவதுதான் படிக்கிறா." பத்து நாளாகத் தூக்கமில்லை என்றார் கணவர்.

ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கா என்று கேட்டேன். இரண்டாம் நாளாம். லேபில் யாரும் அதைக் கேட்கவில்லை. மாதவிலக்கு, கர்ப்பம், கர்ப்பப்பை நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருக்கம் என்று எதிலும் இந்த அளவு ஏறும். ஸ்கேனில் இடது சினைப்பையில் சின்னதாக ஒரு சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, தெரிந்தது. அதுவும் இந்த அளவை ஏற்றும்; புற்றுநோய் அல்ல. மாதாமாதம் சுருண்டு படுக்க வைத்த வலிக்கு அன்றுதான் ஒரு பெயர் கிடைத்தது. அந்த வலியைப் பற்றி இத்தனை வருடம் யாராவது உட்கார வைத்து விசாரித்திருக்கலாம்.

இதே சோதனையைப் பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். சோதனை செய்துகொண்டவர்களில் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. அப்புறமும் நம் ஊர் பேக்கேஜ்களில் இது இருந்துகொண்டே இருக்கிறது.

பயத்தைவிட எனக்கு வேதனை தருவது பொய்யான நிம்மதிதான். மளிகைக் கடைக்காரர் ஒருவர், மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டார். செக்கப்பில் சிஇஏ என்ற, குடல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தச் சோதனை நார்மல் என்று வந்திருந்தது. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கொலனோஸ்கோபி செய்தபோது பெருங்குடலில் புற்று. ஆரம்ப நிலையில் சிஇஏ பெரும்பாலும் ஏறுவதே இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அதே சிஇஏயைத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அது நல்ல சோதனை.

சரி, ஆசிரியைக்கு வருகிறேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். செய்ததே இல்லை என்றார். பதினெட்டுப் பக்கத்திலும் அது இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான முடிவு அது. அரசு ஆஸ்பத்திரியில் இதைக் காசில்லாமல் செய்கிறார்கள் என்றதும் இருவரும் நம்பமுடியாமல் பார்த்தார்கள்.

அன்றே செய்துகொண்டார். அடுத்த வாரம் தன் நாத்தனாரையும் கூட்டிவந்தார்.