எந்த மாசத்துப் புல்லுங்க அம்மிணி?

சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் என்னிடம் இப்படிக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. நான் சொன்ன பதிலும் ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "மாசமெல்லாம் எதுக்குங்க மாஸ்டர், நம்பர் எழுதியிருக்கேன் பாருங்க, அதைப் புடிச்சாப் போதும்." அவர் "சரிங்க" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் முகம்கூடச் சுருங்கவில்லை. இருந்தும் லேப் டிப் சீட்டு, அதாவது மொத்தத் துணிக்கும் சாயம் போடுமுன் சின்னத் துண்டில் நிறம் பிடித்துக் காட்டச் சொல்லும் சீட்டு, எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் "சரிங்க" காதில் விழுகிறது.

நான் டிசைன் செய்த குழந்தைகள் டிஷர்ட், நான்கு கலர். பொங்கலுக்கு அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ஊருக்குப் போயிருந்தபோது காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கிடைத்தவை அத்தனையும். கிளுவை வேலியின் சாம்பல் பூத்த பச்சை, கன்றுக்குட்டியின் சிவப்பு, தாய் மாட்டின் வெளிர் சாம்பல், கொழுக்கட்டைப் புல். மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் மற்றவர்கள் செய்த டிசைன்களைப் புரட்டிப் புரட்டி எதுவும் தோன்றாமல் இருந்தவளுக்கு, வேலிப் படலைத் திறந்த அரை நிமிஷத்தில் நான்கும் சேர்ந்து வந்தன. சின்ன வயதில் விடுமுறைக்கெல்லாம் ஓடிய காடுதான். அன்றைக்குத்தான் அதை ஒரு கலர் வரிசையாகப் பார்த்தேன்.

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடம் இதை நன்றாகவே சொன்னேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலாக மாறிவிடும், அதனால் இந்த இரண்டு கலரும் ஒரே உயிரின் இரண்டு வயது என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்தது. கதையோடு சேர்த்துத்தான் நான்கு கலரையும் எடுத்துக்கொண்டார்கள்.

நிறம் மாதத்தோடு மாறும் என்று கடல் கடந்து இருப்பவர்களுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, அதையே மாஸ்டர் கேட்டபோது ஏன் காதுகொடுக்கத் தோன்றவில்லை?

அவசரம்தான். லேப் டிப் கூரியரில் போய், பார்த்து, கருத்து திரும்பி வர ஒரு வாரம் ஓடிவிடும். பையரின் ஆள் அந்த நம்பரின் துணித் துண்டைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் ஒரு தடவை, கடை விளக்கான டிஎல்84இல் ஒரு தடவை. அங்கே கொழுக்கட்டைப் புல் என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. அதோடு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியதைப் பார்த்த ஊர் திருப்பூர். சாயத் தண்ணீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்தாக வேண்டும். ஒரு லாட் துணி நிறம் தப்பிப்போய் மறுசாயம் போடுவதென்றால் அது வெறும் பணக்கணக்கு இல்லை. யார் கையிலும் ஒரே மாதிரி வருவதற்குத்தான் நம்பர் இருக்கிறது. இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் போனில் எடுத்த போட்டோ. வெளிச்சம் போதவில்லை என்று போன் தானாகவே தூக்கிக் காட்டியிருக்கிறது, மஞ்சளையும் கூட்டியிருக்கிறது. அதைத் திரையில் பெரிதாக்கி, ஒரு புல் நுனியில் கர்சரை வைத்து, வந்த நிறத்துக்குக் கிட்டத்தில் இருந்த பான்டோன் கலர் அட்டை நம்பரை எழுதினேன். புல்லைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வர இரண்டு விநாடி ஆகியிருக்கும். ஆக, நான் மாஸ்டரிடம் கொடுத்தது அந்த போன் யூகித்த நிறம். அவர் கேட்டதுதான் புல்லைப் பற்றியது. ஐப்பசி மழைக்குப் பச்சை கட்டி, தையில் கதிர் வெளுத்து, பங்குனியில் வைக்கோலாகி, சித்திரையில் கிட்டத்தட்ட மண்ணாகவே போகும் புல் அது. ஆடு மாடு வைத்திருக்கிறவருக்கு அது ஒரு நிறம் இல்லை. அந்த ஐடியாவை ஐடியாவாகவே எடுத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வழக்கம்போல ஏ, பி, சி என்று மூன்று டிப் வந்தது. ஏயும் பியும் நம்பருக்கு மிக நெருக்கம். சி விலகியிருந்தது. மஞ்சள் குறைந்து, லேசாகச் சாம்பல் ஏறி, அடியில் எங்கோ ஒரு பச்சை. விளக்குப் பெட்டியில் வைத்தபோதே அவுட் என்று தெரிந்தது. ஓரமாக எடுத்து ஃபைலில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் அனுப்பினேன். ஏ பாஸாகி, ஆர்டர் குறித்த தேதியில் கிளம்பிப் போனது. பையரிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை.

சியை அவர் வேண்டுமென்றே போட்டாரா, இல்லை அளவு தவறி அப்படி வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கவில்லை. கேட்டு அவர், "அது தப்பிப் போச்சுங்க அம்மிணி" என்றால் நான் இத்தனை நாள் மனதில் வளர்த்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். "ஆமாங்க, அது தை மாசத்துப் புல்லு" என்றால் அது இன்னும் கஷ்டம்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது அந்தத் துண்டை எடுத்துப் போனேன். கதிர் மேல் வைத்துப் பார்த்தேன். பத்து மணி வெயிலில் பொருந்தவில்லை. சாயங்காலம் வெள்வேல மரத்து நிழலில் வைத்தபோது துணி எது புல் எது என்று ஒரு கணம் தெரியவில்லை. நான் அப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தேனோ என்னவோ. அம்மிச்சியிடம் காட்டினேன். "துணி நல்லாருக்குது கண்ணு" என்றார்.

போன வாரம் புது சீசனுக்கு லேப் டிப் சீட்டு எழுதினேன். ஒரு கலருக்குப் பக்கத்தில் 'கார்த்திகை, மழை விட்ட மறுநாள்' என்று எழுதினேன். அப்புறம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று அடித்துவிட்டு நம்பரை மட்டும் விட்டேன். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது. வேறு சீட்டு எழுதாமல் அதையேதான் கொடுத்து அனுப்பினேன்.