பன்னிரண்டரை சென்டிமீட்டர்

ஜனவரி 3

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். சைக்கிளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 4

தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சரிவு. கல் தெரிந்தது, பிரேக் பிடித்தேன், பின்னால் சாயப் பார்த்தேன். இடுப்பு போக வேண்டிய இடத்தில் சீட் நின்றது. ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே இறக்கத்திலும் இருந்துவிட்டது. அப்படியே முன்னால் தூக்கிப் போட்டது. சீட் ஒரு சாண் கூட வேண்டாம், பன்னிரண்டரை சென்டிமீட்டர் கீழே இருந்திருந்தால் இந்தத் தோள் இப்போது வலிக்காது.

ஜனவரி 7

டிராப்பர் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்க்குப் பதிலாக மாட்டுவது; லீவரை அழுத்தினால் ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கி ஏற்றலாம். பேர் கேள்விப்படாத கம்பெனி, ரூ. 5,200. இன்னொன்று 6,400. நாலு பேருக்குத் தெரிந்த பேர் என்றால் இருபதாயிரத்துக்குக் குறைந்து கண்ணில் படவில்லை. என் சைக்கிளே இருபத்தெட்டாயிரம்.

ஜனவரி 8

அம்மா பக்கத்தில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். இந்த வயதில் இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 11

விலை இல்லை பிரச்சினை. பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது. என் மொத்த எடையும் போய் உட்காரும் ஒரு குழாய். அதைச் செய்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆனால் போய்க் கேட்க ஓர் ஆள் இல்லை. பேர் தெரியாத கம்பெனியில் சட்டை எடுக்கலாம், ஹெல்மெட் எடுக்க மாட்டேன். இது சட்டையா, ஹெல்மெட்டா?

வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டேன். ஒருவருக்கு இரண்டு வருடம் உழைத்திருக்கிறது. ஒருவருக்கு இரண்டே மாதத்தில் உள்ளே சீட்டைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் காற்று விட்டுவிட்டது, உட்கார உட்காரச் சீட் மெதுவாக அமுங்கிப் போகிறதாம். சீட் இடமும் வலமும் லேசாக ஆடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். நல்ல டிராப்பரிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆடட்டும். முறியக் கூடாது.

ஜனவரி 12

1980களிலேயே ஜோ பிரீஸ் என்ற கலிஃபோர்னியாக்காரர் இதற்கு வழி கண்டிருக்கிறார். ஹைட்-ரைட் என்று பேர். ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஓட்டிக்கொண்டே கையை விட்டுச் சீட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தினால் உடம்பு எடையில் இறங்கும், மறுபடி தளர்த்தினால் ஸ்பிரிங் மேலே தூக்கும். எத்தனை பேர் அப்படி விழுந்து எழுந்த பிறகு இந்த யோசனை வந்திருக்கும்! எனக்கு அன்றைக்கு ஒரு ஸ்பிரிங் போதுமாக இருந்தது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். தம்பி ஏற்காட்டிலிருந்து மிளகும் கரும்புமாக வந்தான். எஸ்டேட்டில் காபிப் பழம் இன்னும் பறித்து முடியவில்லையாம். கிணற்றடியில் வைத்துக் கேட்டான்.

“அக்கா, நிஜமாவே திரும்பவும் வருவியா?”

“வருவேன்.”

“அப்ப சீட்டைக் கையாலயே இறக்கிக்கலாமே. கிளாம்பைத் தளர்த்த அரை நிமிஷம்.”

பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவே மனதில் ஓடுகிறது.

ஜனவரி 19

சேலம் செவ்வாய்ப்பேட்டை. முப்பது வருடமாக சைக்கிள் பார்க்கிற பெரியவர். சீட்டுக்கு அடியில் இருந்த பழைய குழாயை உருவி, அதன் அடியில் அடித்திருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார்: 30.9. மில்லிமீட்டரில் குழாயின் விட்டம். அப்படியும் நம்பாமல் வெர்னியரை வைத்துப் பார்த்தார். ஃப்ரேமில் லீவரின் கேபிள் உள்ளே போக ஓட்டை இல்லை, அதனால் வெளியே கேபிள் ஓடுகிற வகைதான் சரிப்படும். கிளாம்பிலிருந்து சீட்டுக் கம்பி வரை 19 சென்டிமீட்டர். பன்னிரண்டரை இறங்குகிற டிராப்பர் என்றால், அந்த இறக்கத்தோடு அசையாத கழுத்தும் சீட்டைப் பிடிக்கும் தலையும் சேர்த்து 18. ஒரு சென்டிமீட்டர் மிச்சம். பதினைந்து இறங்குவது என் உயரத்துக்கு ஆகவே ஆகாது, கால் எட்டாது.

போனில் இரண்டு படங்களையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“மேலயே நின்னு போச்சுன்னா அது சாதா சீட்டு, பயமில்ல. கீழ நின்னு போச்சுன்னா முட்டி போயிரும், தள்ளிட்டுதான் வரணும். சீட்டப் பிடிக்கிற தலை உடைஞ்சாத்தான் ஆபத்து, கண்ணு. அந்தத் தலையப் பாரு.”

5,200 ரூபாயில் சீட்டைப் பிடிக்க ஒரே போல்ட். கேபிளும் தலையிலேயே மாட்டியிருக்கிறது, சீட் இறங்கும்போது வளைந்து டயரில் உரசும் என்றார். 6,400இல் முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட், கேபிள் அசையாத கழுத்தில். அதற்குக் கார்ட்ரிட்ஜும் தனியாக விற்கிறார்கள்.

கூலி கேட்டால் “மாட்டும்போது குடு” என்றார். திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட். ஒரு மாதமாகச் சாப்பாட்டில் இல்லாத ருசி.

ஜனவரி 24

டாக்டர் சரி என்றார். மெதுவாக.

ஜனவரி 26

பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற விடவில்லை. தம்பி எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிப் போனான். 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே போனேன். 1,200 மீட்டர் ஏற்றத்தை என் காலால் ஏறிய உடம்பு, இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது.

விழுந்த பக்கம் போகவில்லை. சில்வர் ஓக்குகளுக்கு நடுவே இருக்கும் சின்னப் பாதையில் மட்டும். தம்பி சொன்னபடி கையாலேயே இறக்கி ஏற்றிப் பார்த்தேன். இறங்கு, தளர்த்து, அமுக்கு, இறுக்கு, நேராக இருக்கிறதா பார். நூறு அடி போனால் ஏற்றம். மறுபடி. 4 கிலோமீட்டரில் 11 தடவை நின்றேன். அடுத்த இறக்கத்தில் சலித்துப்போய் நிற்காமல் விட்டேன், சீட் உயரத்திலேயே. விழுந்த அன்றைக்கும் இதைத்தான் செய்தேன்.

தம்பியிடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

ஜனவரி 27

6,400. ஆர்டர் போட்டாகிவிட்டது.

பிப்ரவரி 1

இன்னும் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “கீழ விழாம இருக்கத்தானே வாங்கற?” என்றாள், ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 4

வந்தது. கையில் கனம் தெரிகிறது, பழையதைப் போல இரண்டு மடங்கு. தலையில் வெல்டிங் ஏதும் இல்லை. விரல் நகத்தால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன், பிசிறு இல்லை. கழுத்து ரப்பரை ஒட்டி மெல்லிய கிரீஸ் வளையம். பெரியவர் கேபிளை இழுத்துக் கட்டினார். லீவரை அழுத்திக் கையால் அமுக்கினால் சத்தமே இல்லாமல் இறங்குகிறது, லீவரை விடாமல் கையை மட்டும் எடுத்தால் ‘டொக்’ என்று மேலே வந்து நிற்கிறது. அந்த ‘டொக்’கைப் பத்துத் தடவை கேட்டேன்.

ஆட்டம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் இருக்கலாம்.

பிப்ரவரி 5

சைக்கிளை ஜன்னல் கம்பியில் கட்டி, சீட்டின் மேல் 25 கிலோ அரிசி மூட்டை. டயர் அமுங்கும் என்பதால் மூட்டை ஏற்றிய பிறகுதான் சுவரில் சீட் மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டேன். அம்மா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 6

சீட் அதே கோட்டில்.

பிப்ரவரி 7

இன்றைக்கும் அதே இடத்தில். போல்ட் இரண்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன், நகரவில்லை.

பிப்ரவரி 8

காலை 7.40. கல்லுக்கு இருபது அடி மேலே நிற்கிறேன். நினைத்ததை விடச் சின்னக் கல். பனி இன்னும் விலகவில்லை, காபிச் செடியிலிருந்து சொட்டுகிறது. தம்பி கீழே நின்று கை காட்டுகிறான். லீவரை அழுத்தி உட்கார்ந்து பார்த்தேன், இறங்கியது. போனைப் பையில் போடுகிறேன்.