பிழியும்போது மட்டும் உறுமல்: வாஷிங் மெஷினுக்கு பேரிங் மாற்றிய அனுபவம்

துவைக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அலசும்போதும் இல்லை. கடைசியில் பிழிய ஆரம்பித்து டிரம் வேகமெடுக்கும்போதுதான், மாவில்லாமல் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் கிளம்பும். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும், நிற்கும்போது மெல்லத் தணியும். ஆரம்பத்தில் பக்கத்து அறையில் கேட்டது. சில மாதங்களில் மாடி வீட்டு அக்கா கீழே வந்து, "ஏனுங்க, போர் மோட்டார் ஏதும் ரிப்பேருங்களா?" என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

எங்கள் வீடு கோவையில். மெஷின் 7 கிலோ ஃப்ரண்ட் லோட், பெல்ட் போட்டு ஓடும் மாடல், வாரன்டி முடிந்தது. கம்பெனி சர்வீஸில் இருந்து வந்தவர் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டார். பின்பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "டிரம் செட்டோட மாத்தணும் சார்" என்றார். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் பாதிக்கு மேல். அவ்வளவு கொடுப்பதற்கு முன்னால் கெட்டுப்போனது எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. இதே சத்தத்தோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கரகரவென்று வந்தால் டிரெயின் பம்பில் ஏதோ சிக்கியிருக்கிறது. டிரம் மெதுவாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக், டக் என்றால் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் பட்டனோ ஊக்கோ விழுந்திருக்கலாம். மெஷினே இடம் விட்டு நகர்ந்து தடதடவென ஆடினால் கால் மட்டம் சரியில்லை, துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது, இல்லையென்றால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. புது மெஷின் வந்த நாளிலிருந்தே பயங்கரமாகக் குதித்தால் வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போட்டிருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுமல் என்றால் பெரும்பாலும் பேரிங். எங்களுடையது அந்த ரகம்தான் என்று தெரிந்தாலும், மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

துணியே போடாமல் ஸ்பின் மட்டும் ஓடவிட்டேன். உறுமல் அப்படியே இருந்தது, ஆகவே துணிப் பாரம் காரணமில்லை. போனில் லெவல் ஆப் வைத்து மேல்மட்டம் பார்த்தேன், நேராக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே முன்பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, அகலத் தட்டு ஒன்றை வைத்து ஃபில்டரை மெல்லத் திருகினேன். சாம்பல் நிறத் தண்ணீரோடு ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய் நாணயம், பஞ்சு உருண்டைகள் எல்லாம் வந்தன. இதைச் சுத்தம் பண்ணியதும் தண்ணீர் வெளியேறும்போது இருந்த ஒரு சின்னக் கரகரப்பு போயிற்று. பெரிய சத்தம் போகவில்லை. டிரம்மின் ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்தும், கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரல் விட்டும் பார்த்தேன். ஒன்றும் சிக்கியிருக்கவில்லை.

அடுத்து செய்ததுதான் முக்கியமான சோதனை. கதவைத் திறந்து, உள் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். உள் டிரம்மும் அதைச் சுற்றியிருக்கும் வெளித் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்து ஆடினால் பயப்பட வேண்டாம். தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது, ஆடத்தான் செய்யும். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக லொடக் என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுடையது தனியாக ஆடியது. கையால் டிரம்மைச் சுற்றிவிட்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் காதை வைத்தால், மணல் அரைபடுவது மெலிதாகக் கேட்டது. தொட்டியை ஒரு அழுத்து அழுத்தி விட்டேன். ஒரு எழும்பு எழும்பி நின்றுவிட்டது, எனவே ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கிறது. அது கெட்டிருந்தால் தொட்டி நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். தகட்டின் ஓரம் கையை அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரமான புல்லியின் நடுவிலிருந்து தொட்டியின் முதுகு வழியாகக் கீழே துருப் பழுப்பில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. கிரீஸும் துருவும் கலந்த தண்ணீர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றினால் சத்தமே இல்லை. புல்லியைச் சுற்றினால் அதே அரைச்சல். சந்தேகம் தீர்ந்துவிட்டது. பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ் மாடல்களில் இந்த ஒரு சோதனையை இப்படிச் செய்ய முடியாது. டாப் லோட் மெஷினின் அமைப்பே வேறு, அதில் கிளட்ச், கியர், தொங்கு கம்பிகள் என்று பார்க்க வேண்டிய இடங்களும் வேறு.

இங்கே மெஷினின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃப்ரண்ட் லோட் டிரம்முக்கு முன்பக்கம் தாங்கல் எதுவும் கிடையாது. பின்னால் மூன்று கை விரித்த அலுமினிய ஸ்பைடர், அதன் நடுவில் ஒரு ஷாஃப்ட், அந்த ஷாஃப்டைத் தாங்க இரண்டு பேரிங். டிரம், அதிலிருக்கும் ஈரத் துணி எல்லாவற்றின் பாரமும் அந்த இரண்டின் மேல்தான். அரைக் கிலோ துணி ஒரு பக்கமாக ஒதுங்கி, டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால், வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 130 கிலோ எடைக்குச் சமமாக வரும். பிழிவதற்கு முன்னால் மெஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றித் துணியைப் பரப்பப் பார்ப்பது இதனால்தான். பேரிங்குக்கு முன்னால், தண்ணீர் பக்கமாக, ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அதன் மெல்லிய உதடு ஒன்றுதான்.

எங்கள் பகுதியில் வாஷிங் மெஷின் வேலை மட்டும் பார்க்கிற அண்ணன் ஒருவரை அழைத்தேன். பழுப்புக் கோட்டைப் பார்த்ததுமே, "பேரிங்கு தானா கெடலீங்க தம்பி. சீலு போயிருச்சு, தண்ணி உள்ள போயி கிரீஸக் கழுவிருச்சு. சீல மாத்தாம பேரிங்கு மட்டும் போட்டம்னா மறுக்கா இதே சத்தந்தானுங்க" என்றார். பிறகு, "போர் தண்ணிங்களா?" என்று கேட்டார். ஆமாம். சிறுவாணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, மெஷினுக்குப் போர் தண்ணீர்க் குழாயைத்தான் கொடுத்திருந்தோம், இந்த ஊரில் பல வீடுகளில் இருப்பது போலவே. சீலைக் கழற்றியபோது அதன் உதட்டில் வெள்ளையாக உப்பு படிந்து சொரசொரப்பாக இருந்தது. அந்த உதட்டின் மேல்தான் ஷாஃப்ட் சுற்ற வேண்டும்.

தொட்டியைப் பிரிக்க முடியுமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில மாடல்களில் தொட்டியின் இரண்டு பாதிகளையும் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இணைத்திருப்பார்கள். சிலவற்றில் பிளாஸ்டிக்கை உருக்கியே ஒட்டிவிடுவார்கள். அதை ரம்பத்தால் அறுத்து, பிறகு சிலிக்கோன் தடவி ஸ்க்ரூ போட்டு மூடுகிறவர்களும் உண்டு, ஆனால் கசிவு வராமல் செய்ய நல்ல கை வேண்டும். எங்களுடையது ஸ்க்ரூ ரகம். "டிரம் செட்டோட மாத்தணும்" என்று சொன்னவர் இதைப் பார்த்திருக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னமும் ஆற்றாமை.

மேல் மூடி, சோப்பு டப்பா, கதவு ரப்பர், கான்கிரீட் எடைக் கட்டிகள், ஹீட்டர் ஒயர், ஹோஸ் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒவ்வொரு ஒயரையும் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டேன். தொட்டியைத் தூக்கி வெளியே வைக்க இரண்டு பேர் வேண்டும். புல்லியின் நடு போல்ட் அசையவே மறுத்தது, கொஞ்சம் சூடு காட்டிய பிறகுதான் விட்டது. தொட்டியைப் பிரித்ததும் அண்ணன் முதலில் பேரிங்கைத் தொடவில்லை. ஸ்பைடரைத் துடைத்து, ஒவ்வொரு கையையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகச் சில இடங்கள் குழிந்திருந்தன, வெடிப்பு இல்லை. அடுத்து ஷாஃப்டில் சீல் உட்காரும் வளையத்தை நகத்தால் சுரண்டினார். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழிந்துவிடுமாம். நல்லவேளை, நகம் எங்கும் தடுக்கவில்லை.

பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்தபோது உள்ளே கிரீஸே இல்லை. பழுப்புச் சேறும், பளபளப்பு போய் சொத்தையான குண்டுகளும்தான். டிரம் பக்கம் பெரியது, 6206. புல்லி பக்கம் சிறியது, 6205. எந்த பேரிங் கம்பெனி செய்தாலும் ஒரே எண் ஒரே அளவைத்தான் குறிக்கும். 6206 என்றால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, தடிமன் 16. அதனால் மெஷின் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர் இது, பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் போலி பேரிங் நிறைய உலவுகிறது, பழக்கமான கடையில் பில்லோடு வாங்குங்கள். சீலுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அச்சிட்டிருக்கும், பழையதைக் கையோடு எடுத்துப்போவதே நல்லது.

புது பேரிங்குகளைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். குளிரில் துளி சுருங்கினால் எளிதாக இறங்கும். உட்கார வைக்கும்போது பழைய பேரிங்கின் வெளி வளையத்தை அண்டைக் கொடுத்து அதன் மேல்தான் தட்டினார். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகளில் வடு விழுந்து புதிய பேரிங்கும் சத்தம் போடும். தட்டத் தட்டத் தொளதொளவென்று வந்த ஓசை, முழுக்க இறங்கியதும் கெட்டியாக மாறியது. "கேட்டீங்களா, உக்காந்துருச்சு" என்றார். சீலின் உதட்டில் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி, கையால் அழுத்தி உட்கார வைத்தார்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு பின்பக்கத் தகட்டை உடனே மூடவில்லை. சும்மா தண்ணீர் மட்டும் விட்டு ஒரு வாஷ் ஓட்டி, தொட்டியின் இணைப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. ஸ்பின்னை முதலில் 400-ல், அப்புறம் 800-ல், கடைசியில் 1000-ல் வைத்தோம். காற்றை வீசுகிற ஓசையும் மோட்டாரின் மெல்லிய ரீங்காரமும் மட்டும்தான். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "ஓடுதா, நின்னுருச்சா?" என்று கேட்டார்.

பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்ந்தும் டிரம் செட்டுக்குச் சொன்ன தொகையின் பக்கத்தில்கூட வரவில்லை. இப்போது மாதம் ஒருமுறை உப்பு நீக்கும் பவுடர் போட்டுத் துணி இல்லாமல் ஓட்டுகிறோம். கனமான ஜமுக்காளத்தைத் தனியாகப் போட்டுப் பிழிவதையும் விட்டுவிட்டோம்.

உறுமல் ஆரம்பித்த மெஷினை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டாதீர்கள். ஷாஃப்ட் தேய்ந்துவிட்டால் பேரிங்கோடு முடிகிற செலவு ஸ்பைடர் வரைக்கும் போகும், பின்னால் ஒழுகும் தண்ணீர் மோட்டார் மேல் விழுந்து ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. மெக்கானிக்கிடம் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, "இந்த மாடல்ல தொட்டி பிரியுமா, சீலும் சேர்த்து மாத்துவீங்களா?" என்பதுதான். ஸ்பைடரில் வெடிப்பு இருந்து, தொட்டியும் ஒட்டிய ரகமாக இருந்து, மெஷினும் பத்து வருடம் தாண்டியிருந்தால் மட்டும் பேரிங்குக்குச் செலவழிக்காமல் புதியது பார்க்கலாம்.